எதையும் மாற்றாமல் ஈஆர்பி வாங்குவது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஓரளவு வளர்ந்ததும் முதலாளிக்கு இரண்டு ஆசைகள் வரும். ஒன்று பங்களா, மற்றது ஈஆர்பி. பங்களா கட்டுவதற்கு வாஸ்து பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறது. ஈஆர்பி வாங்குவதற்கு அப்படி யாரும் இல்லாத குறையைப் போக்கவே இந்தக் கையேடு.

ஈஆர்பி என்பது நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கப்பலேறும் வரை கொள்முதல், கையிருப்பு, உற்பத்தி, சம்பளம், வரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கும் மென்பொருள். இதில் ‘ஒரே இடத்தில்’ என்பதுதான் விவகாரம். உங்கள் கம்பெனியில் இன்றைக்கு நூல் இருப்பு எத்தனை கிலோ என்று கேட்டுப் பாருங்கள். ஸ்டோர் கீப்பரின் நோட்டில் ஒரு கணக்கு இருக்கும். கணக்கரின் டேலியில் வேறொன்று. மெர்ச்சண்டைசரின் எக்செலில் மூன்றாவது. பேங்குக்கு மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டில் நான்காவது. அது எப்போதும் கொஞ்சம் செழிப்பாக இருக்கும். ஐந்தாவது கணக்கு முதலாளியின் மனதில். இந்த ஐந்து கணக்குகளும் ஐந்து பேரைப் பல வருடமாகக் காப்பாற்றி வருகின்றன. மென்பொருள் உள்ளே வந்தால் ஐந்தில் நான்கு போயாக வேண்டும்.

ஐந்தும் பத்திரமாக இருக்க வேண்டும், மென்பொருளும் வாங்கியாக வேண்டும். அதற்கான வழிகள் இதோ.

படி 1: என்ன வேண்டும் என்று எழுதிப் பார்க்காதீர்கள்

விவரம் தெரிந்தவர்கள், ‘முதலில் உங்கள் தேவைகளைப் பட்டியல் போடுங்கள்’ என்பார்கள். போட்டுவிடாதீர்கள். பட்டியல் போட உட்கார்ந்தால் நிட்டிங்குக்குப் போன நூல் எந்த டிசியில் (டெலிவரி சலானில்) போனது, திரும்பி வந்த துணியை யார் எடை போட்டார் என்றெல்லாம் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் உறவு கெடும்.

அதற்குப் பதிலாக, அடுத்த முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் நில்லுங்கள். உங்களைவிட இரண்டு யூனிட் அதிகம் வைத்திருப்பவர் வருவார். “ஏனுங்க, உங்க கம்பெனியில என்ன சாப்ட்வேர் போட்டிருக்கீங்க?” என்று கேளுங்கள். அவர் ஒரு பெயர் சொல்வார். தேர்வு முடிந்தது. “ஓடுதுங்களா?” என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. சம்பந்தி வீட்டு நகை எத்தனை பவுன் என்று மண்டபத்திலேயே கேட்பதைவிட அது நாகரிகக் குறைவு. கேட்டாலும் அவர் “நல்லா ஓடுதுங்க” என்றுதான் சொல்வார். அவர் செலவழித்த தொகைக்கு வேறு எதுவும் சொல்ல முடியாது.

படி 2: மென்பொருளின் பூர்வீகம் பாருங்கள்

எஸ்ஏபி ஜெர்மனியில் 1972-ல் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து பொறியாளர்கள் தொடங்கியது. ஜெர்மனி என்றால் விசிட்டர் வந்தால் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் கம்பெனியில் வேலை செய்பவர்கள் நாற்பது பேர் என்பதையோ, அதில் கணினியைத் தொடுபவர்கள் மூவர் என்பதையோ இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டேலி 1986-ல் பெங்களூரில் பிறந்தது. அதைத்தான் உங்கள் கணக்கர் இத்தனை வருடமாக ஓட்டுகிறார். கண் முன்னே ஓடிக்கொண்டிருக்கும் பொருளுக்கு மரியாதை கிடையாது, விட்டுவிடுங்கள். ஸோஹோ 1996-ல் வேறு பெயரில் தொடங்கியது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்தும் மென்பொருள் எழுதி உலகத்துக்கே விற்கிறது. ஆனால் தென்காசி என்றதும் நமக்குச் சாரலும் குற்றாலமும்தான் ஞாபகம் வரும். “நம்ம ஊர்க்காரங்க செஞ்சதா?” என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு மேலே போகலாம். மும்பைக்காரர்கள் எழுதிய ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள், லைசென்ஸுக்குக் காசில்லை. இதை உடனே நிராகரியுங்கள். காசு வாங்காதவனை எப்படித் திட்டுவது?

படி 3: டெமோவைக் கண்டுகளியுங்கள்

டெமோவுக்கு வரும் தம்பி இஸ்திரி கலையாத சட்டையில், சொந்த லேப்டாப்போடு வருவார். லேப்டாப்பில் ‘ஏபிசி கம்பெனி’ என்று ஒன்று இருக்கும். அந்தக் கம்பெனி நூறு பேனா வாங்கும், தொண்ணூறு பேனா விற்கும், பத்து பேனா மிச்சமிருக்கும். திரையில் பத்து என்று வந்ததும் எல்லோரும் தலையாட்ட வேண்டும். பச்சையும் ஆரஞ்சும் கலந்த வட்டப்படம் ஒன்று சுழன்று நிற்கும். அப்போது காபி வரவழையுங்கள்.

இங்கேதான் கவனம் தேவை. பனியன் கம்பெனி பேனாக் கடை இல்லை. நூல் கிலோவில் வருகிறது. நிட்டிங்கில் துணியாகிறது, அதுவும் கிலோ. சாயத்துக்குப் போய் வருகையில் எடை குறைகிறது. எவ்வளவு குறையலாம் என்பது சாயப்பட்டறைக்கும் உங்களுக்கும் மாதந்தோறும் நடக்கும் பேச்சுவார்த்தை. காம்பாக்டிங் முடிந்து கட்டிங் மேசைக்கு வந்ததும் கிலோ பீஸாக மாறுகிறது. ஒரே ஸ்டைல்தான், ஆனால் ஐந்து சைஸ், நான்கு கலர் என்றால் இருபது வகைச் சரக்கு. கழுத்துப் பட்டிக்கு வேண்டிய ரிப் துணி வேறொரு லாட்டிலிருந்து, கொஞ்சம் வேறு ஷேடில் வரும். கடைசியில் எல்லாம் பெட்டிக் கணக்காக முடியும். போதாததற்கு, ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கொள்ளப்படும் என்கிறது ஜிஎஸ்டி சட்டம்.

இதையெல்லாம் டெமோவில் கேட்கக் கூடாது. கேட்டால் தம்பி முகம் வாடும். யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டாலும் அவரிடம் ஒரே பதில் தயாராக இருக்கும்: “பண்ணிக்கலாம் சார்.” இதற்கு இன்று அந்த வசதி இல்லை, நாளை செய்வோம், அதற்குத் தனி பில் வரும் என்று பொருள். நீங்கள் அதை ‘இருக்கிறது’ என்று குறித்துக்கொள்ளுங்கள்.

டெமோ அறைக்குள் ஸ்டோர் கீப்பரையும் கட்டிங் மாஸ்டரையும் விடாதீர்கள். அன்றாடம் அதில் எழுதப்போகிறவர்கள் அவர்கள்தான். அதனாலேயே கேள்வி கேட்பார்கள்.

படி 4: தேர்வுக் குழு அமையுங்கள்

கோவையில் எம்பிஏ முடித்த மகன், முன்பொரு காலத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த மச்சான், கையெழுத்துப் போட மட்டும் வரும் ஆடிட்டர். குழு தயார். மகனுக்கு மொபைல் ஆப் வேண்டும். மச்சானுக்கு ஒரு சர்வர் வாங்க வேண்டும், எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆடிட்டருக்கு இப்போதிருக்கும் டேலி ஃபைல் அப்படியே வந்துகொண்டிருக்க வேண்டும். மூன்று பேரும் ஒத்துப்போகும் மென்பொருள் உலகில் கிடையாது. எனவே யார் கடைசியாகப் பேசினாரோ அவர் சொன்னதை வாங்கிவிடலாம்.

படி 5: எங்கே பேரம் பேச வேண்டுமோ அங்கே பேசாதீர்கள்

ஒரு பீஸுக்கு இருபத்தைந்து பைசா குறைப்பதற்காக ஐரோப்பிய பையரோடு இரவு பதினொரு மணிவரை பேசுபவர் நீங்கள். அந்தத் திறமை முழுவதையும் லைசென்ஸ் விலையில் காட்டுங்கள். ஐந்து லட்சம் என்றதை மூன்றரைக்கு இறக்கிவிட்டு, வெற்றிக் களிப்போடு கையெழுத்துப் போடுங்கள். கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். இம்ப்ளிமென்டேஷன், கஸ்டமைசேஷன், பழைய டேட்டா ஏற்றும் கூலி, கூடுதல் யூசர் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டணம், வருடா வருடம் ஏஎம்சி என்னும் பராமரிப்புக் கட்டணம் எல்லாம் அங்கே குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கும்.

அப்படியும் தொகை கையைக் கடித்தால் வெட்ட ஒரு தலைப்பு இருக்கிறது: பயிற்சி. “நம்ம பசங்க பார்த்தே கத்துக்குவாங்க” என்று சொல்லி அதை அடித்துவிடுங்கள்.

செலவு எல்லை மீறுமே என்று பயப்பட வேண்டாம், உங்களுக்குப் பெரிய துணை இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி, பழைய எஸ்ஏபியை விட்டு ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறியது. சுமார் 2 கோடி பவுண்டில் முடியும் என்று நினைத்தது 10 கோடியைத் தாண்டிப் போனது. 2022-ல் புது மென்பொருள் ஓடத் தொடங்கியபின் பேங்க் கணக்கைக்கூட ஒழுங்காக ஒத்துப்பார்க்க முடியவில்லை. 2023 செப்டம்பரில், அத்தியாவசியம் தவிர வேறெதற்கும் செலவில்லை என்று அந்த மாநகராட்சி கையை விரித்தது. பெண் ஊழியர்களுக்குத் தர வேண்டிய சமச் சம்பளப் பாக்கி அதற்கு முக்கியக் காரணம். மென்பொருளும் தன் பங்கைச் செய்தது. மாநகராட்சிக்கே நடந்தது நமக்கு நடந்தால் பெருமைதானே?

படி 6: ‘மாஸ்டர்’ தயாரிப்பதைப் புதிதாகச் சேர்ந்த பையனிடம் கொடுங்கள்

எந்த மென்பொருளும் முதலில் உங்கள் சரக்குகளின் பெயர்ப் பட்டியலைக் கேட்கும். ஈஆர்பி தோற்பதா ஜெயிப்பதா என்பது பெரும்பாலும் இங்கேயே முடிவாகிவிடும் என்பதால், இதைச் சம்பளம் குறைந்தவரிடம் ஒப்படைப்பது மரபு. அவர் பழைய டேலியிலிருந்தும் எக்செலிலிருந்தும் இறக்குவார். அதில் ‘30 கோம்டு’ என்று ஒரு நூல் இருக்கும். ‘30ஸ் கோம்ப்’ என்று இன்னொன்று. ‘கோம்டு 30 புதுசு’ என்று மூன்றாவது. மூன்றும் ஒரே ரேக்கில் ஒரே பையில் இருக்கும் ஒரே நூல். மென்பொருளுக்கு அது தெரியாது. மூன்று நூல் என்று நம்பும். ஒன்றில் இருப்பு மைனஸ் நானூறு கிலோ, மற்றொன்றில் பிளஸ் நானூறு கிலோ என்று காட்டும். ‘சாப்ட்வேர் தப்பாகக் காட்டுகிறது’ என்று சொல்வதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. கலர் பட்டியலில் நேவி, நேவி ப்ளூ, டார்க் நேவி மூன்றும் இருக்கட்டும்.

அடுத்தது ஓப்பனிங் ஸ்டாக். ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனைப் பூட்டி எண்ணிவிட்டால் முடிந்துவிடும். எண்ணாதீர்கள். எண்ணினால் மூன்று வருடத்துக்கு முன் பையர் ரத்து செய்த ஆர்டரின் பெட்டிகள் மாடியில் இருப்பது கணக்கில் ஏறும். செக்கிங்கில் கழித்துக் காதர்பேட்டைச் சந்தைக்குப் போகக் காத்திருக்கும் பீஸ்களும் ஏறும். பேங்குக்குக் கொடுத்த ஸ்டேட்மென்ட்டும் கண் விழிக்கும். பேசாமல் டேலியில் இருப்பதையே ஏற்றிவிடுங்கள். முதல் நாளே தப்பாகத் தொடங்கினால் பின்னால் எந்தத் தப்புக்கும் யாரையும் கேட்க முடியாது.

படி 7: கம்பெனியை மாற்றாதீர்கள், மென்பொருளை மாற்றுங்கள்

அப்பா காலத்து பில் புத்தகம் எப்படி இருந்ததோ அப்படியே திரையில் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடியுங்கள். மேலே பிள்ளையார் சுழி, இடது ஓரத்தில் குலதெய்வம், கீழே ‘விற்ற சரக்கு வாபஸ் இல்லை’. இதற்கு மூன்று வாரம் ஆகட்டும், பரவாயில்லை. இதற்கிடையில் இ-இன்வாய்ஸ் வந்துவிட்டதே என்பார்கள். 2020 அக்டோபரில் 500 கோடி விற்பனை உள்ளவர்களுக்கு வந்தது. 100, 50, 20, 10 என்று படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்து உங்கள் வாசலிலும் நிற்கிறது. அரசாங்கம் தரும் எண்ணும் க்யூஆர் கட்டமும் பில்லில் இருந்தே தீர வேண்டும். குலதெய்வத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் இடம் கிடைக்கும். நகர்த்த ஒரு வாரம், அதற்கொரு பில்.

வழக்கத்தை விடாத விஷயத்தில் உங்களுக்கு முன்னோடி ஜெர்மனியின் லிட்ல். ஐரோப்பா முழுவதும் மலிவு விலைக் கடைகள் வைத்திருக்கும் நிறுவனம். சரக்கிருப்பை வாங்கிய விலையில் மதிப்பிடுவது அவர்கள் வழக்கம். எஸ்ஏபியின் சில்லறை வணிக மென்பொருளோ விற்கும் விலையை வைத்துக் கணக்கிடும்படி அமைந்தது. வழக்கத்தை மாற்ற மாட்டோம், மென்பொருளை மாற்றுங்கள் என்றார்கள். மாற்றினார்கள். ஏழு வருடம் கழித்து, 2018-ல், சுமார் 50 கோடி யூரோ செலவானபின் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டுப் பழைய மென்பொருளுக்கே திரும்பினார்கள். கொள்கைப் பிடிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும்.

படி 8: தொடங்க நல்ல நாள் பாருங்கள்

பழையதை விட்டுப் புதியதில் ஏறும் நாளுக்கு ‘கோ-லைவ்’ என்று பெயர். வேலை குறைந்த மாதத்தில், ஒரு யூனிட்டில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அதில் வீரம் இல்லை.

அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி காட்டிய வழி வேறு. நான்கு வருடம் ஆகும் என்ற வேலையை இரண்டரை வருடத்தில் முடிக்கச் சொன்னார்கள். ஒன்றுக்கு மூன்று மென்பொருள்களாகச் சேர்த்து, 1999 ஜூலையில் ஒரே மூச்சில் ஓடவிட்டார்கள். அக்டோபர் கடைசியில் ஹாலோவீன். அமெரிக்கக் குழந்தைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் நாள். மிட்டாய் குடோனில் இருந்தது. அது இருக்கும் இடம் கணினிக்குத் தெரியவில்லை. சுமார் 10 கோடி டாலர் சரக்கைக் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் போனது.

நீங்கள் தீபாவளி போனஸ் கணக்குப் போடும் வாரத்தை எடுத்துக்கொள்ளலாம். அல்லது பெரிய ஷிப்மென்ட் தூத்துக்குடிக்குக் கிளம்பும் நாள். இ-வே பில் போட வேண்டிய நேரத்தில் திரை வெள்ளையாக நிற்கும், லாரி வாசலில் உறுமும், டிரைவர் ஹாரன் அடிப்பார். யாராவது பழைய கணினியை இயக்கி, டேலியில் பில் போட்டு அனுப்பிவிடுவார்கள். அன்றிலிருந்து இரண்டும் ஓடும். இதற்கு ‘பேரலல் ரன்’ என்று கௌரவமான பெயரும் உண்டு. ஒரு மாதம் என்று தொடங்குவார்கள். முடிந்த தேதி பற்றிய குறிப்பு எந்தக் கம்பெனியிலும் கிடைப்பதில்லை.

படி 9: விதி எல்லோருக்கும், விலக்கு உங்களுக்கு

எல்லோருக்கும் தனித்தனி யூசர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பார்கள். ஸ்டோர் கீப்பரின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிடுங்கள். எல்லோரும் அதையே பயன்படுத்தட்டும். பிறகு காணாமல் போன எந்தக் கோன் பையைப் பற்றி விசாரித்தாலும் செய்தவர் ஸ்டோர் கீப்பர்தான். அவர் லீவில் இருந்த நாளிலும் அவர்தான்.

எடிட் லாக் என்று ஒன்று வரும், சங்கடப்படாதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருள் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்று பதிவு செய்தே ஆக வேண்டும். அந்தப் பதிவை அணைக்கவும் கூடாது. மார்ச் மாத இரவில் போன ஜூன் மாதத்துக்குள் நுழைந்து வவுச்சரைத் திருத்தும் கலைக்கு இது பேரிடி. உங்களுடையது பார்ட்னர்ஷிப் என்றால் இந்த விதி உங்களைத் தொடாது. பிரைவேட் லிமிடெட் ஆகச் சொல்லும் மகனிடம் இதை மட்டும் எடுத்துச் சொல்லுங்கள்.

முக்கியமானது நீங்கள். குடோனுக்கு போன் போட்டு, “மச்சான் வர்றாருங்க, ரெண்டு பெட்டி குடுத்து அனுப்பு, பில் அப்புறம் போட்டுக்கலாம்” என்று சொல்லும் உரிமையை எக்காரணம் கொண்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அந்த ஒரு போன் எந்த மென்பொருளிலும் ஏறாது. மறுநாள் ஸ்டோர் கீப்பர் இரண்டு பெட்டியை எங்காவது சரிக்கட்ட வேண்டும். சரிக்கட்ட அவருக்கு நோட்டு வேண்டும். நோட்டு வந்தால் நிம்மதி வந்துவிடும். ஐந்து கணக்கும் பிழைத்துக்கொள்ளும்.

படி 10: வெற்றியை அறிவியுங்கள்

ஆறு மாதம் கழித்து ஒரு பூஜை போடுங்கள். புது மென்பொருளிலிருந்து எல்லா ரிப்போர்ட்டையும் எக்செலில் இறக்கி, எக்செலில் திருத்தி, வாட்ஸ்அப்பில் அனுப்பும் முறை அதற்குள் பழகியிருக்கும். மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் அடுத்தவர் வந்து கேட்பார். என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். மூன்று வருடத்தில் ‘அந்த சாப்ட்வேர் நமக்குச் சரிப்படவில்லை’ என்று முடிவாகும். அப்போது படி 1-லிருந்து தொடங்கலாம்.

வழக்கமாகக் கேட்கப்படும் சந்தேகங்கள்

*சின்னக் கம்பெனிக்கு ஈஆர்பி தேவையா?*
தேவையா என்று கேட்பவருக்குத் தேவையில்லை. பக்கத்து யூனிட்காரர் வாங்கிவிட்டார் என்றால் தேவை.

*கிளவுடா, சொந்த சர்வரா?*
கிளவுட் என்றால் நெட் போனால் வேலை நிற்கும். சர்வர் என்றால் கரண்ட் போனால் நிற்கும். வேலை எதனால் நிற்க வேண்டும் என்பது உங்கள் விருப்பம்.

*இவ்வளவு சுற்றாமல் நேர்வழி ஏதும் உண்டா?*
உண்டு, ஆனால் அதற்கு டெமோ கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளியே ஸ்டோர் கீப்பரோடு குடோனில் நின்று எல்லாவற்றையும் எண்ண வேண்டும். ஒரு நூலுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். துணி ஒவ்வொரு கை மாறும்போதும் யார் எடை போடுவது, யார் எழுதுவது என்று முடிவுசெய்து, முதலில் வெறும் நோட்டிலாவது மூன்று மாதம் ஒழுங்காக எழுதிப் பார்க்க வேண்டும். மச்சானுக்குப் போகும் இரண்டு பெட்டிக்கும் டிசி போட வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தபின் மென்பொருள் வாங்கலாம். ஆனால் அந்த நிலைக்கு வந்த கம்பெனியில் அநேகமாக எதை வாங்கிப் போட்டாலும் ஓடிவிடும். அப்புறம் தேர்ந்தெடுப்பதில் என்ன சுவை இருக்கிறது?